தண்ணீரில் மட்டும் இருந்த பெண்

எங்கள் பட்டறையில் குருவைவிடச் சீடருக்கு வயது அதிகம். போதாததற்கு, குரு சீடரை ‘மாஸ்டர்’ என்று கூப்பிடுவார். புதிதாக வருகிறவர்களுக்கு யார் யாருக்குப் பாடம் சொல்கிறார்கள் என்று சட்டெனப் பிடிபடாது.

குரு லெயோனி. புதுச்சேரிப் பெண். பழுதான பழைய ஓவியங்களைச் சரிசெய்யும் வேலையைப் பிரான்சுக்குப் போய்க் கற்றுக்கொண்டு வந்து, இங்கே ஒரு மாடியை வாடகைக்கு எடுத்துப் பட்டறை வைத்திருக்கிறார். எங்களுக்கெல்லாம் அவர் மதாம்.

சீடர் கலிவரதன். பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டில் சும்மா உட்காரப் பிடிக்காமல் ஒருநாள் படியேறி வந்து, “எனக்கும் சொல்லிக் குடுங்க” என்று கேட்டார். முழங்கால் வலியோடு படியேறி வந்தவரைத் திருப்பி அனுப்ப மதாமுக்கு மனசு வரவில்லை என்று நினைக்கிறேன்.

நான் அமலோர். படங்களுக்குச் சட்டம் அடிப்பவன். ஓவியத்தைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. மூலையில் உட்கார்ந்து மரத்தை இழைத்துக்கொண்டு, இவர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருப்பேன். சில நாள் சிரிப்பு வரும், சில நாள் எரிச்சல் வரும்.

எரிச்சல் வருவதற்குக் காரணம் மாஸ்டர். தப்பைப் பார்த்தால் அவருக்குக் கை நிற்காது. டீக்கடைப் பலகையில் எழுத்து சாய்ந்திருந்தால் அவருக்கு டீ இறங்காது. நான் அடித்த சட்டத்தின் மூலையைத் தடவிப் பார்த்து, “ஒரு நூல் ஏறியிருக்கு” என்பார். ஏறித்தான் இருக்கும். அதுதான் இன்னும் எரிச்சல்.

பட்டறையில் ஒரு முறை உண்டு. ஒரு படத்தை ஒருவர் கையில் கொடுத்துவிட்டால், வேலை முடியும்வரை அது அவர் படம். வேறு கை அதைத் தொடாது. மதாமே பார்க்க வந்தாலும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் நிற்பார். யாராவது அந்தப் படத்தைப் பற்றிக் கேட்டால், “அது அவர் கையில இருக்கு, அவரைக் கேளுங்க” என்று விலகிக்கொள்வார்.

மாஸ்டர் கைக்கு நெடுநாள் படம் எதுவும் வரவில்லை. படங்களின் முதுகைத் துடைக்கும் வேலைதான் வந்தது.

“முன்பக்கம் எப்ப மதாம்?”

“முதுகு முடியட்டும், மாஸ்டர்.”

முதுகு முடிந்த பிறகு, அவர் கைக்கு வந்த முதல் படம் அந்த வெனிஸ்.

ஊரில் ஒரு பழைய குடும்பத்தார் கொண்டுவந்து கொடுத்தார்கள். பெலிசியான் மோர்வால் என்று ஒரு பிரெஞ்சு ஓவியர் வரைந்தது. பாரிஸ் அகாதெமியில் படித்தவராம். அவர்கள் பாணியில் தூரிகை போன தடமே தெரியக்கூடாது, எல்லாம் வழவழவென்று இருக்க வேண்டும், எல்லாம் அளவாக இருக்க வேண்டும். மேலே பூசியிருந்த வார்னிஷ் பழசாகி, படம் முழுக்க டிகாஷன் ஊற்றியதுபோல் பழுப்பேறிக் கிடந்தது. அதை எடுப்பதுதான் மாஸ்டரின் வேலை.

குச்சியில் பஞ்சைச் சுற்றி, மருந்தில் தொட்டு, விரல்நுனி அளவு இடத்தை மெல்ல உருட்டி உருட்டி எடுக்க வேண்டும். கரைசல் என்று சொல்ல வேண்டியதை நாங்கள் மருந்து என்போம். பழுப்பு போகப் போக, அந்த ஊர் வெளியே வந்தது. தெருவுக்குப் பதில் கால்வாய். வாசல்படி நேராகத் தண்ணீரில் இறங்குகிறது. ஒரு கல்யாணக் கூட்டம் படகுகளில் போகிறது. உயரமான ஒரு ஜன்னலில் நின்று குனிந்து பார்த்தால் எப்படித் தெரியுமோ அப்படி வரைந்திருந்தார். மேலே உள்ளதெல்லாம் கீழே தண்ணீரிலும் இருந்தது.

மாஸ்டருக்கு ஓவியரைப் பிடித்துப்போய்விட்டது.

“பாரு அமலோர், சட்டையில பொத்தான்கூட விடல. ஒரு கோடு தப்பாப் போகல. இவன்தான்யா ஓவியன்!”

யாரோ சொந்தக்காரரைச் சொல்வதுபோல் சொல்வார்.

ஐப்பசி பிறந்து மழை பிடித்துக்கொண்டது. மழை வந்ததிலிருந்து சாயங்காலமானால் மதாமின் போன் ஒருமுறை அடிக்கும். “இன்னும் இல்ல” என்பார். அல்லது, “இப்பதான் கிளம்பறார்” என்பார். அவ்வளவுதான் பேச்சு. அவர் வீட்டு விஷயமாக இருக்கும் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

அப்படி ஒரு மழைநாளில்தான் மாஸ்டர் குச்சியைக் கீழே வைத்துவிட்டுக் கூப்பிட்டார்.

“மதாம், இங்க வாங்க. இந்த அநியாயத்தைப் பாருங்க.”

மதாம் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வந்து நின்றார்.

படத்தின் இடது பக்கம் ஒரு வீடு. அதன் வாசலுக்கு மேலே சிவப்புக் கோடு போட்ட துணிச் சாய்ப்பு ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. மேலிருந்து பார்ப்பதால் சாய்ப்பின் முதுகுதான் தெரிகிறது. வாசலை அது முழுக்க மறைத்துவிட்டது. அதற்கு நேர் கீழே, தண்ணீரில், அன்றைக்குத்தான் பழுப்பு விலகி ஒரு பெண் வெளியே வந்திருந்தாள். படியில் உட்கார்ந்திருக்கிறாள். தலைகீழாக. முழங்கால்மேல் கை. கட்டைவிரல் நக அளவு முகம். யாரையோ எதிர்பார்ப்பது போன்ற முகம்.

“பாத்தேன்” என்றார் மதாம்.

“மேல ஆள் இல்ல. தண்ணியில ஆள் இருக்கு.”

“ஆமா.”

“எப்படி வரும்?”

“நீங்க சொல்லுங்க, மாஸ்டர்.”

“பின்னால வந்த எவனோ போட்டிருக்கான். இதோ பக்கத்துல பழைய கிழிசல், தைச்சிருக்கு. கிழிசலைச் சரிபண்ண வந்தவன் தன் இஷ்டத்துக்கு ஒரு பொம்பளையை உக்கார வச்சுட்டுப் போயிட்டான். நல்ல படத்தைக் கெடுத்துட்டான் பாவி!”

“மோர்வாலே போட்டிருந்தா?”

“அவனா? பொத்தானை எண்ணிப் போட்டவன், இந்தத் தப்பைப் பண்ணுவானா?”

“தப்புன்னு எப்படித் தெரியும்?”

மாஸ்டருக்கு இந்தக் கேள்வி போதும். ஒரு வெள்ளைத் தாளை எடுத்தார். மேல்பாதியில் சாயத்தால் ஒரு தென்னை மரம் போட்டார். ஈரம் காய்வதற்குள் தாளை நடுவில் மடித்து உள்ளங்கையால் அழுத்தினார். பிரித்தார். கீழ்ப்பாதியில் அதே மரம் தலைகீழாக நின்றது.

“இப்படித்தான் மதாம் பசங்களுக்குத் தண்ணி நிழல் போடச் சொல்லிக் குடுப்பேன். எத்தனை பசங்க! மேல என்னவோ, கீழ அதேதான். இதுல ஒரு ஆள் கூடுதலா வருமா?”

மதாம் தாளை வாங்கிப் பார்த்தார்.

“தென்னை மரம் நல்லா வந்திருக்கு.”

“துடைச்சிடறேன் மதாம்.”

மாஸ்டர் அந்தப் பெண்ணின் முழங்கை ஓரத்தில் பஞ்சை ஒருமுறை தொட்டு எடுத்துக் காட்டினார். பஞ்சில் லேசாகச் சாயம் ஒட்டியிருந்தது.

“பாருங்க, வருது. அந்தக் காலத்து எண்ணெய்ச் சாயமா இருந்தா இவ்வளவு சுலபமா வராது.”

“ரொம்ப மெல்லிசாப் போட்டதும் வரும், மாஸ்டர்.”

“அப்ப வேணாங்கறீங்களா?”

“படம் உங்க கையில இருக்கு. ஆனா இப்ப வெளிச்சம் போயிடுச்சு. நாளைக்கு நல்ல வெளிச்சத்துல செய்ங்க.”

மாஸ்டர் படத்தின்மேல் துணியைப் போட்டுவிட்டுக் கிளம்பினார். அவர் படியிறங்கும்போது மதாமின் போன் அடித்தது. “இறங்கிட்டார்” என்றார் மதாம்.

எனக்குப் பொறுக்கவில்லை. வார்னிஷைத் துடைத்தால் திரும்பப் பூசிக்கொள்ளலாம். சாயம் பஞ்சோடு போனால் போனதுதான், யாராலும் கொண்டுவர முடியாது. அந்த அளவு எனக்கும் தெரியும்.

“மதாம், உங்களுக்கு என்ன தோணுது? அது பழைய பொம்பளையா, புதுப் பொம்பளையா?”

“அது அவர் கையில இருக்கு, அமலோர்.”

“நாளைக்கு அழிச்சுடுவார்.”

“அழிச்சாலும் அழிப்பார்.”

“ஒரு வார்த்தை சொன்னா கேப்பாரே!”

“கேப்பார். இந்தப் படத்துல கையை எடுத்துடுவார். நான் இல்லாத இடத்துல?”

எனக்குக் கோபம்தான் வந்தது. பாடம் நடத்த நேரம் காலம் இல்லையா? படம் போனால் பழி மதாமுக்குத்தான் வரும், பட்டறைப் பெயர் கெடும். ஆனால் கதவைப் பூட்டியவர் மறுபடி திறந்து உள்ளே போய், துணி மூடிய படத்தை ஒருமுறை பார்த்துவிட்டு வந்தார். அவருக்கும் பயம் இருந்தது.

மறுநாள் விடியும்போதே மழை. கரண்ட் இல்லை. வெளிச்சம் வரட்டும் என்று மாஸ்டர் துணியை விலக்காமல் உட்கார்ந்திருந்தார். அவருக்குச் சும்மா இருக்கத் தெரியாது. பேச ஆரம்பித்தார்.

“தப்பைப் பாத்துட்டு விட முடியல அமலோர். பெத்த பொண்ணாவே இருந்தாலும் விட முடியல.”

அவருக்குத் தமயந்தி என்று ஒரு பெண் உண்டு என்று தெரியும். தனியாக ஹாஸ்டலில் இருந்துகொண்டு வேலைக்குப் போகிறாள், அப்பாவோடு பேசுவதில்லை என்பதும் தெரியும். ஏன் என்று அன்றைக்குத்தான் சொன்னார்.

“ஊசுடு ஏரியைப் போட்டா. ஓவியப் போட்டிக்கு. கரைமேல உக்காந்து நாள் கணக்கா பாத்துப் பாத்துப் போட்டா. நல்லா வந்துது, பொய் சொல்லக் கூடாது. தண்ணி ஓரமா ஒரு கீத்துப் பந்தல். மேல கீத்துதான் தெரியுது. ஆனா இவ தண்ணியில என்ன போட்டிருக்கா தெரியுமா? மூங்கில்! கீத்தே இல்ல, வரிவரியா மூங்கில் கழி. மேல ஒண்ணு, கீழ ஒண்ணு. டிராயிங் மாஸ்டர் பொண்ணு நிழல் தப்பாப் போட்டான்னு ஊர் சிரிக்காதா?”

“என்ன பண்ணீங்க?”

“அவ தூங்கினப்புறம் மூங்கிலை மறைச்சுக் கீத்தைப் போட்டேன். நான்தான் கொண்டுபோய்க் குடுத்தேன். முதல் பரிசு.”

“அப்புறம்?”

“பரிசு குடுக்கற அன்னிக்குத்தான் படத்தை மாட்டியிருந்தாங்க. முன்னால போய் நின்னா. பாத்தா. ‘இது என் படம் இல்ல’ன்னு எல்லார் முன்னாலயும் சொல்லிட்டு, பரிசையும் வாங்காம போயிட்டா. அதோட தூரிகையைத் தொடல. என்னோட பேசல.”

சொல்லி முடித்துத் தாடையைத் தடவிக்கொண்டார். பிறகு மதாம் பக்கம் திரும்பினார்.

“நீங்க சொல்லுங்க மதாம். பெத்தவன் திருத்தக் கூடாதா? நான் செஞ்சது தப்பா?”

மதாம் மேஜைமேல் ஏதோ ஒரு படத்தின் ஓரத்தை ஒட்டிக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

“சாரல் உள்ள வருது. அந்த ஜன்னலைச் சாத்துங்க, மாஸ்டர்.”

மாஸ்டருக்கு முகம் சுருங்கிவிட்டது. எழுந்து போய்ச் சாத்தினார். எனக்கே கஷ்டமாக இருந்தது. மனுஷன் வாய்விட்டுக் கேட்கிறார், ஆமாம் இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் என்ன குறைந்துபோய்விடும்?

மழை விடாமல் கொட்டியது. மத்தியானம் கழிந்தபோது தெருவோர வாய்க்காலும் தெருவும் ஒன்றாகிவிட்டன. எங்கள் கீழ்வீட்டுப் படிவரை தண்ணீர். எதிர்சாரிக் கடைகளின் படிகளிலும் தண்ணீர். “வெனிஸ் இங்கயே வந்துடுச்சு” என்று நான் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை.

சாயங்காலத்துக்குச் சற்று முன்னால் மழை விட்டது. மேற்கே மேகம் விலகி, நல்ல வெளிச்சம் அறைக்குள் வந்து விழுந்தது. கரண்டும் வந்தது.

மாஸ்டர் எழுந்தார். படத்தின் மேலிருந்த துணியை எடுத்து நான்காக மடித்து வைத்தார். மருந்து பாட்டிலைத் திறந்தார். குச்சியில் பஞ்சைச் சுற்றினார். வேலையில் அவர் எப்போதும் சுத்தம்.

நான் இழைப்பதை நிறுத்திவிட்டேன். எதுவும் தெரியாத எனக்கே அந்தப் பெண்ணின்மேல் பரிதாபமாக இருந்தது. அவள்பாட்டுக்குப் படியில் உட்கார்ந்து யாருக்கோ காத்துக்கொண்டிருந்தாள்.

மதாமின் போன் அடித்தது.

“இன்னும் இல்ல” என்றார். பேசிக்கொண்டே ஜன்னலைத் திறந்து கீழே பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். “இருங்க. அங்கயே இருங்க, நகராதீங்க” என்று சொல்லி போனை வைத்தார்.

“மாஸ்டர், இங்க கொஞ்சம் வாங்க.”

“கையில மருந்து இருக்கு மதாம்.”

“மூடி வச்சிட்டு வாங்க. ஆவியாப் போயிடும்.”

மாஸ்டர் முணுமுணுத்துக்கொண்டே மூடிவிட்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஜன்னலுக்கு வந்தார்.

“என்ன தெரியுது?”

“தண்ணிதான் தெரியுது. வீட்டுக்கு எப்படிப் போறதுன்னுதான் தெரியல.”

“எதிர்ல?”

“ஜெராக்ஸ் கடை. நீலத் தார்ப்பாய். மழைத்தண்ணி தேங்கித் தொங்குது. கிழியப் போவுது.”

“தார்ப்பாய்க்கு அடியில?”

“அடியில எப்படித் தெரியும்? அதான் கடையையே மறைச்சுட்டுத் தொங்குதே.”

“ஆள் யாராவது இருக்காங்களா?”

“யாரும் இல்ல மதாம். இந்த வெள்ளத்துல ஜெராக்ஸ் எடுக்க எவன் வருவான்?”

“தண்ணியைப் பாருங்க.”

மாஸ்டர் குனிந்தார். நானும் இழைப்புளியை வைத்துவிட்டு அவர் தோளுக்குப் பின்னால் போய் நின்றேன்.

தெருத்தண்ணீர் ஆடாமல் நின்றிருந்தது. கடைக்குள் டியூப் லைட் எரிந்துகொண்டிருந்ததால் எல்லாம் தெளிவாக விழுந்திருந்தது. கடைப்படி தெரிந்தது. படியில் ஒரு பெண் நின்றிருந்தாள், தலைகீழாக. சுடிதாரை முழங்கால்வரை மடித்துவிட்டிருந்தாள். ஒரு கையில் போன், ஒரு கையில் மடக்கிய குடை.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நிமிர்ந்து எதிரே பார்த்தேன். தார்ப்பாயின் நீல முதுகு. ஆளே இல்லை. குனிந்தேன். பெண் இருந்தாள்.

மாஸ்டரும் அதையேதான் செய்துகொண்டிருந்தார். மேலே, கீழே, மேலே, கீழே.

“மேல இல்ல” என்றார்.

“ஆமா.”

“கீழ இருக்கு.”

“ஆமா.”

“எப்படி மதாம்?”

“நாம மேல இருந்து பாக்கறோம். தண்ணி கீழ இருந்து பாக்குது.”

மாஸ்டர் ஜன்னலை விட்டுத் திரும்பி, படத்துக்கு முன்னால் போய் நின்றார். சிவப்புக் கோட்டுச் சாய்ப்பைப் பார்த்தார். தண்ணீரைப் பார்த்தார். அந்த நக அளவு முகத்தின் அருகில் தன் முகத்தைக் கொண்டுபோனார்.

“சாய்ப்புக்குக் கீழதான் இவ உக்காந்திருக்கா” என்றார் மெதுவாக. “மேல ஜன்னல்ல நின்ன அவனுக்கு இவ தெரியல. தண்ணியிலதான் தெரிஞ்சா. தெரிஞ்சபடி போட்டிருக்கான்.”

பாட்டிலின் மூடி இறுகியிருக்கிறதா என்று திருகிப் பார்த்தார். குச்சியிலிருந்த பஞ்சைப் பிய்த்துக் குப்பையில் போட்டார்.

“அழிச்சிருப்பேன் மதாம். இந்நேரம் அழிச்சு முடிச்சிருப்பேன்.”

“அழிக்கலையே.”

கடவுளே, தப்பித்தோம் என்று என் மூலைக்குத் திரும்பக் கிளம்பினேன். மாஸ்டர் மறுபடி ஜன்னலுக்குப் போனார். இன்னொரு தடவை பார்த்து நிச்சயம் பண்ணிக்கொள்ள நினைத்திருப்பார்.

ஒரு மோட்டார் சைக்கிள் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போனது. எல்லாம் கலைந்தது. மெல்ல மெல்ல அலை அடங்கி, கடைப்படி வந்தது, குடை வந்தது, கடைசியில் முகம் வந்தது. அந்த முகம் எங்கள் மாடிப்படி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தது.

“தமயந்தி” என்றார் மாஸ்டர்.

உதடு அசைந்ததைத்தான் பார்த்தேன்.

“எதுக்கு வந்திருக்கா?”

“மழை நாள்ல எல்லாம் வருவாங்க” என்றார் மதாம். “மூடியில்லாத வாய்க்கால், உங்க முழங்கால் வேற. நீங்க பஸ் ஏறற வரைக்கும் பின்னாலயே வருவாங்க. உங்களுக்குத் தெரிய வேணாம்னு சொல்லியிருந்தாங்க.”

“என் பின்னால…”

“நீங்க திரும்பிப் பாக்கற ஆள் இல்லன்னு சொன்னாங்க.”

மாஸ்டர் ஜன்னல் கட்டையைப் பிடித்துக்கொண்டார். அழுதார். பள்ளிக்கூடமே நடுங்கிய டிராயிங் மாஸ்டர், என்னைப் போன்ற ஒருவன் பக்கத்தில் நிற்கிறான் என்ற நினைப்பே இல்லாமல் அழுதார். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. ஒரு நூல் ஏறிய என் சட்டத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கொஞ்சம் கழித்து வேட்டி நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி குனிந்தார். குனிந்தவர் அப்படியே நின்றார்.

“அமலோர்.”

“சொல்லுங்க மாஸ்டர்.”

“தார்ப்பாயோட அடிப்பக்கத்தைப் பாரு. தண்ணியில பாரு.”

பார்த்தேன். தார்ப்பாயைத் தாங்கி அடியில் கட்டியிருந்த கழிகள் தண்ணீரில் தெரிந்தன. மேலே பார்த்தால் வெறும் நீலம். கீழே பார்த்தால் வரிவரியாக மூங்கில்.

எனக்கு அப்போதும் சட்டென்று உறைக்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்த பிறகுதான் உறைத்தது.

“கரைமேல உக்காந்துதான் போட்டா” என்றார். “உயரத்துல. நாள் கணக்கா பாத்துப் பாத்துப் போட்டா. நான் அந்தக் கரைக்கே போகல அமலோர். ராத்திரியில வீட்டுக்குள்ள உக்காந்து திருத்தினேன்.”

மேஜைமேல் நேற்றைய தென்னை மரத் தாள் கிடந்தது. மாஸ்டர் அதைப் பார்த்தார். எடுக்கவில்லை.

பிறகு மதாமிடம் திரும்பினார். காலையில் கேட்டபோது இருந்த வீம்பு அந்தக் குரலில் இல்லை. பரீட்சைத் தாளை நீட்டிக்கொண்டு நிற்கும் பையனின் குரலாக இருந்தது.

“மதாம், நீங்களே சொல்லுங்க. என் பொண்ணு போட்டது சரிதானே?”

மதாம் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

“அது அவங்க கையில இருந்த படம், மாஸ்டர். என்னை ஏன் கேக்கறீங்க? கீழதான் நிக்கறாங்க.”